நூல் தயங்கும் நேரம்

முதல் நிமிஷத்து நூலை எடுத்தாகிவிட்டது. இடுக்கியால் எடுத்து, பக்கத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு தடவை அலசி, ஒற்றுத்தாளில் இரண்டு பக்கமும் ஒற்றி, ஒன்று என்று எழுதின சீசாவில் போட்டு, பெனிட்டாவின் பக்கம் நகர்த்திவிட்டேன். இனி நாலாவது நிமிஷம். நடுவில் மூன்று நிமிஷம். மூன்று நிமிஷத்துக்காகக் கையுறையைக் கழற்றி மாட்ட முடியாது, கழற்றினால் கையை மூக்குக்குக் கொண்டுபோவேன், எனக்கே தெரியும், காலையில் மூன்று தரம் சோப்புப் போட்ட கை, பஸ்ஸில் வரும்போது நாலு தரம் முகர்ந்துவிட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான் மருதாணி வாசம் பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நாற்றம் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததுதான் பயம், மூக்கு பழகிப்போய்விட்டதோ என்று. பீக்கருக்குள் மருந்துத் தண்ணீர் மஞ்சளாக நிற்கிறது. அதற்குள் கண்ணாடிக் குச்சியிலிருந்து இன்னும் ஏழு நூல்கள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். உலர்ந்திருக்கையில் தையல் நூல் மாதிரி வெள்ளையாக, சுத்தமாக இருக்கும், பார்க்க ஒன்றும் தோன்றாது. ஊறின பிறகுதான் பெருத்து, வழவழத்து, நுனியில் ஒரு சொட்டு கட்டிக்கொண்டு, காலையில் என் வீட்டுக்காரர் கால் புண்ணிலிருந்து கட்டுத்துணியைப் பிரிக்கும்போது கூடவே இழுத்துக்கொண்டு வருமே அந்த இழை, அதேதான், அதே நிறம். நினைக்கக்கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். என் வேலை கடிகாரத்தைப் பார்ப்பதும் நூலை எடுப்பதும்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு மில்லுக்குப் போனவளுக்கு, மில் மூடின பிறகு இந்தத் துணி ஆராய்ச்சி லேப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் செய்யச் சொல்கிற வேலை. சுத்தமான வேலை என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கே பஞ்சு மூக்கில் போனது, இங்கே இது. நாலு. எடுத்து, அலசி, ஒற்றி, போட்டு, நகர்த்து.

அடுத்தது ஒன்பது, அதற்குப் பிறகு பதினாறு, இருபத்தைந்து, முப்பத்தாறு, நாற்பத்தொன்பது, அறுபத்து நாலு, அதோடு முடிந்தது. வந்த புதிதில் பெனிட்டாவிடம் கேட்டேன், ஏங் கண்ணு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்னுன்னு எடுத்தா ஞாபகம் வெச்சுக்கச் சுளுவா இருக்குமில்ல என்று. அவள் சிரித்தாள். தூத்துக்குடிப் பெண், இருபத்தொன்பது வயசு, டாக்டர் பட்டத்துக்கு மூன்று வருஷமாக இந்த நூலோடு மல்லுக்கட்டுகிறாள், சிரிக்கும்போது மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருப்பாள். மருந்து நூலுக்குள்ளே போவதற்கு ஒரு கணக்கு உண்டாம். மேல்தோலுக்குள் சடாரென்று நுழைந்துவிடும், உள்ளே போகப் போக மெதுவாகிவிடும். இரண்டு பங்கு உள்ளே போக வேண்டும் என்றால் நாலு பங்கு நேரம் காத்திருக்க வேண்டும், மூன்று பங்குக்கு ஒன்பது, நாலு பங்குக்குப் பதினாறு. அதனால்தான் இந்த நிமிஷங்களில் எடுக்கிறோம், எடுத்துப் புள்ளி வைத்தால் ஏணிப்படி மாதிரி ஒரே சீராக ஏறும், ஒரு கட்டத்தில் நூல் நிரம்பிவிடும், அதற்கு மேல் எவ்வளவு ஊறினாலும் ஏறாது என்றாள். அன்றைக்கு நன்றாகப் புரிந்தது எனக்கு, அவள் சொன்னதைவிடக் கூடுதலாகவே புரிந்தது. முதல் நாள் அவர் காலைப் பிரித்தபோது அந்த நாற்றம் ஒரே நொடியில் எனக்குள் போனது. அப்புறம் மெதுவாக, மெதுவாக, புடவையில், தலைமுடியில், தயிர்ச்சோற்றில். நிரம்பும் என்று காத்திருக்கிறேன். நிரம்பவில்லை. இந்த நூலே இறால் ஓட்டிலிருந்து எடுத்ததாம். அதைக் கேட்ட அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை, எங்கள் பக்கம் இறாலைப் பார்த்தால் புழு என்போம். பெனிட்டா, எங்க ஊருக்கு வாங்கக்கா, ஒரு தட்டு இறால் தின்னுட்டீங்கன்னா அப்புறம் இந்த நூலை நக்கியே பாப்பீங்க என்றாள். லேப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன். அருவருப்பு என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. எல்லாம் அவளுக்குப் பொருள். இடுப்பில் போன் உறுமுகிறது. வீட்டிலிருந்துதான் இருக்கும், அவர்தான், கட்டு நனைந்துவிட்டது என்பார், ஈ வருகிறது என்பார், இல்லாவிட்டால் ஒன்றுமே சொல்லாமல் மூச்சு மட்டும் விடுவார். எடுக்கக்கூடாது, லேப்பில் போன் எடுக்கக்கூடாது, அது நல்ல சட்டம், அதைப் போட்டவர் நன்றாக இருக்கட்டும். நின்றுவிட்டது. மறுபடியும் உறுமுகிறது. ஐயோ ஒன்பது ஆகிவிட்டது. எடுத்து, ஒற்றி, போட்டு, நகர்த்தினேன்.

ஏழு நிமிஷம் இருக்கிறது. போன் அடங்கிவிட்டது. பெனிட்டா சீசாவை எடுத்து ஆட்டுகிறாள். சீசாவில் வேறு ஏதோ நீர், நூலைப் போட்டு ஆட்டினால் குடித்த மருந்தையெல்லாம் நூல் கக்கிவிடும், கக்கினதை இயந்திரம் பார்த்து இவ்வளவு என்று சொல்லும், சொன்னது கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புப் புள்ளியாக வந்து விழும். அங்கே முன்கூட்டியே அவளுடைய கோடு போட்டு வைத்திருக்கிறாள். அந்தக் கோட்டுக்குத்தான் மூன்று வருஷம். நேற்று என்னை நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்துக் காட்டினாள். புத்தகத்தில் இருப்பது நேர்க்கோடு, இவளுடையது அப்படியில்லை, அடியில் கொஞ்ச தூரம் தரையோடு தவழ்ந்துவிட்டு அப்புறம்தான் எழுந்து ஏறுகிறது. நூல் முதல்ல தயங்குதுக்கா, மருந்து வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகுது, இதை உலகத்துல யாரும் பாத்ததில்ல என்றாள். அந்தத் தயக்கத்துக்கென்று ஒரு எழுத்தைச் சேர்த்துப் புதுச் சமன்பாடு எழுதியிருக்கிறாள். முதலில் நேர்க்கோடாகவே வந்துகொண்டிருந்தபோது பேராசிரியர் விசாகன் சார் அவளிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார், இதைக் காலேஜ் பையன்களே போடுவாங்களே என்பார். கோடு வளைந்த பிறகுதான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் எதிரே உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அன்றைக்கு அவள் கழிவறையில் நின்று அழுதாள், நான் வாளியோடு வெளியே நின்றேன். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சார் புண்கட்டுத் துணி செய்கிற கம்பெனிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். அவர்கள் கண்முன் காட்டத்தான் காலையிலேயே இந்தச் சோதனையின் கடைசி ஓட்டம். "என்னது இது?" என்கிறாள் பெனிட்டா. திரும்பிப் பார்க்கிறேன். ஒன்றும் நாலும் அவள் கோட்டின் மேல் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்பது மட்டும் கோட்டை விட்டு மேலே எகிறி நிற்கிறது. ஒன்பதை நேரம் தாண்டி எடுத்தீங்களாக்கா என்று கேட்கிறாள். இல்லை, சரியாகத்தான் எடுத்தேன், போன் அடித்தது, அவசரத்தில், அவசரத்தில் அலசவில்லை. "ஆமாங் கண்ணு, ஒரு நிமிசம் தப்பிப்போச்சு" என்கிறேன். பொய் எப்படி இவ்வளவு சுத்தமாக வருகிறது. அவள் மூச்சை விட்டுவிட்டு, அந்தப் புள்ளியைச் சுண்டி அழித்துவிடுகிறாள். பதினாறு. எடுக்கிறேன். இடுக்கியில் தொங்குகிறது, வழிகிறது. கிண்ணத்தில் விட்டு அலசுகிறேன். தண்ணீரில் மஞ்சளாக ஒரு புகை பிரிந்து போகிறது. ஒற்றி, போட்டு, நகர்த்துகிறேன். பார்க்கிறேன். புள்ளி சரியாக வந்து அவள் கோட்டின் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

அந்தப் புகை. அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், அழுக்கு போகிறது என்று நினைத்திருக்கிறேன். அழுக்கு இல்லை, மருந்து. மேல்தோலில் அப்போதுதான் நுழைந்த மருந்து. ஒரு நிமிஷம் ஊறின நூலில் எல்லாமே மேல்தோலில்தான் இருக்கும், நான் அலசினால் பாதி போய்விடும். ஒரு மணி நேரம் ஊறினதில் அலசல் எட்டாத ஆழத்தில் இருக்கும், அலசினாலும் பெரிசாகக் குறையாது. அப்படியானால் அடியில் தவழ்கிற கோடு. அப்படியானால் வாசலில் நிற்கிற மருந்து. யாரும் நிற்கவில்லை. நான்தான் வாசலிலேயே கழுவி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இருக்காது, எனக்கு என்ன தெரியும், நான் ஏழாவது, இதை அவளும் சாரும் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள். எப்போதிருந்து அலசுகிறேன். ஆரம்பத்தில் இல்லை. எடு, ஒற்று, போடு, இவ்வளவுதான் அவள் சொல்லிக்கொடுத்தது. தை மாதம் அவருக்குக் கால்விரல் எடுத்தார்கள், இரண்டு விரல், தறிப்பட்டறையில் ஆணி ஏறினது தெரியாமல் பத்து நாள் நடந்திருக்கிறார், சர்க்கரைக்காலுக்கு வலி ஏது. எடுத்து வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள் நான் வேலைக்கு வந்தேன். அன்றைக்கு இந்த நூலைப் பீக்கரிலிருந்து தூக்கினதும் காலையில் பிரித்த கட்டுத்தான் கண்ணுக்கு வந்தது. இடுக்கி கழுவ வைத்திருந்த தண்ணீரில் தன்னால் கை போய்விட்டது. அலசினதும் கொஞ்சம் வெளுத்தது, பார்க்க முடிந்தது. அப்புறம் அதுவே பழக்கம். யாருக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால் அலசித்தான் கொடுப்பேன், டம்ளரானாலும் கருவேப்பிலையானாலும். பெனிட்டா முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள், பார்த்திருந்தாலும் சுத்தம்தானே என்று விட்டிருப்பாள், இல்லை, விட்டிருக்கமாட்டாள். கோடு எப்போது வளைந்தது. பொங்கல் கழிந்துதான். மாசியில்தான் சார் காபி கொடுத்தார். தைக்கு முந்தின நேர்க்கோட்டையெல்லாம் பழைய நூல் சரியில்லை என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். உடம்பு கூசுகிறது. என் அருவருப்பை ஒரு பெண் உட்கார்ந்து எட்டு மாதமாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். அதற்கு ஒரு எழுத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவை பார்த்துவிடலாம். இருபத்தைந்து. எடுக்கிறேன். அலசாமல் ஒற்றுகிறேன். தாளில் மஞ்சள் கறை படர்ந்து என் கையுறையில் ஒட்டுகிறது. வாயை இறுக மூடிக்கொள்கிறேன். போட்டு, நகர்த்துகிறேன்.

எகிறிவிட்டது. ஒன்பது போன அளவுக்கு இல்லை, ஆனால் எகிறிவிட்டது. பெனிட்டா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, இயந்திரத்தின் மூடியைத் திறந்து, துடைத்து, மூடி, மறுபடி வைக்கிறாள். அதே இடம்தான். நூலுக்கு என்னவோ ஆயிருச்சு என்று தனக்குள் முனகுகிறாள். நகத்தைக் கடிக்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறேன். பதினொரு நிமிஷம். இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும். எல்லா ஓட்டத்தையும் மறுபடியும் ஓட்ட வேண்டும், கம்பெனிக்காரர்கள் வெறுங்கையோடு திரும்பிப்போவார்கள், ஆறு மாதமாவது தள்ளிப்போகும். கம்பெனிக்காரர்கள் துணி செய்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது பேருக்குக் கட்டிப்பார்க்கப் போகிறார்கள். அந்த முப்பதில் அவர் பெயரும் இருக்கிறது. நான்தான் போய்க் கேட்டேன். வராந்தாவில் சாரை நிறுத்தி, எங்க வீட்டுக்காரருக்கும் காலில் புண்ணுங்க சார் என்றேன், சார் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். இந்தத் துணியைக் கட்டினால் மூன்று நாளைக்கு ஒரு தடவை பிரித்தால் போதும். அதைக் கேட்டதும் அவர் கால் ஆறும் என்று எனக்குத் தோன்றவில்லை. வாரத்துக்கு ஏழு காலைவேளை இரண்டாகக் குறையும் என்றுதான் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லவில்லை. தினம் விடிந்ததும் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தக் காலைத் தூக்கி மடியில் வைக்க வேண்டும், மடியில் பிளாஸ்டிக் தாள், அதற்கு மேல் பழைய வேட்டி. பிரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம், அப்படி மூஞ்சியத் திருப்பாத, கால்தான, கழட்டி வெச்சுட்டு வேலைக்குப் போ, சாயங்காலம் வந்து மாட்டிக்கலாம் என்றார். தமாஷுக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, குமட்டல் வந்தது, அவர் பார்த்துவிட்டார். இருபத்தாறு வருஷம் ஒரே பாயில் படுத்த மனுஷன். இந்த அருவருப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, எந்தக் கோவிலில் சொல்வது. அதற்கு இன்னும் ஆறு மாதம் என்றால் எத்தனை காலைவேளை. வேண்டாம். அலசிவிடலாம். கோடு கோட்டிலேயே இருக்கட்டும், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முப்பத்தாறு. எடுத்து, நன்றாகவே அலசுகிறேன், இரண்டு தரம். ஒற்றி, போட்டு, நகர்த்துகிறேன். புள்ளி கோட்டில் வந்து உட்கார, பெனிட்டா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறாள்.

பதின்மூன்று நிமிஷம். அவள் இப்போது பேச ஆரம்பித்துவிட்டாள், பயம் போனால் பேசுவாள். ஒன்பதும் இருபத்தைந்தும் நூலில் முறுக்கு விட்டுப்போனதாக இருக்கும், எட்டில் இரண்டு போனால் போகட்டும், சாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள். நான் ம் கொட்டுகிறேன். கம்பெனிக்காரர்களுக்கு எதைக் காட்டுவது, எப்படிச் சொல்வது என்று என்னையே கம்பெனிக்காரியாக்கி ஒத்திகை பார்க்கிறாள். நூல் ஆரம்பத்தில் தயங்குகிறது. அதனால் புத்தகம் சொல்கிற நேரம் ஊறப்போட்டால் மருந்து பற்றாது. எவ்வளவு கூடுதலாக ஊறப்போட வேண்டும் என்பதை என் சமன்பாடு சொல்லும். இதுதான் அவள் சொல்லப்போவது. கூடுதலாக. அவர்கள் தொழிற்சாலையில் நூலை யாராவது அலசப்போகிறார்களா. அங்கே என்னை மாதிரி ஒருத்தி கிண்ணத்தோடு நிற்கப்போகிறாளா. தயங்காத நூலைத் தயங்கும் என்று நினைத்து ஊறப்போட்டு, ஊறப்போட்டு. நான் கேட்கிறேன், ஏங் கண்ணு, மருந்து கூடிப்போச்சுன்னா என்ன, நல்லதுதான, சீக்கிரம் ஆறுமில்ல. அவள் திரும்பாமலே சொல்கிறாள், அய்யோ இல்லக்கா, கம்மியானா கிருமி சாகாது, கூடினா புதுசா வார சதை செத்துரும், வெந்துபோன மாதிரி ஆயிரும், அதுக்காகத்தான இம்புட்டுக் கணக்கு. வெந்துபோன மாதிரி. அவர் காலில் ஓரமாக ஒரு இளஞ்சிவப்பு வந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பார்த்தேன். ஒரு அரிசி அகலம்தான் இருக்கும், பூனைக்குட்டி நாக்கு மாதிரி ஈரமாக, அந்த மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் அது மட்டும் சுத்தமாக. அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. சொன்னால் அவர் சந்தோஷப்படுவார், சந்தோஷப்பட்டால் என்னைத் தொடுவார். இவ்வளவு கேவலமானவளா நான். அந்த அரிசி அகலத்தைக் கட்டுத்துணியால் மூடி, மூன்று நாள் பிரித்துப் பார்க்காமல் வேகவைக்கப்போகிறேன், எனக்கு வாரத்தில் ஐந்து காலை மிச்சமாகும் என்று. அவருக்கு வலிக்காது. அதுதான் மோசம். ஆணி ஏறினதே தெரியாத கால், வெந்தால் மட்டும் தெரியுமா, என் எதிரே உட்கார்ந்து தமாஷ் பேசிக்கொண்டிருப்பார். இன்னும் இருபத்தொன்பது பேர் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் காலையில் மூச்சை அடக்குகிறவர்கள் இருப்பார்கள். நாற்பத்தொன்பது. இடுக்கி கிண்ணத்துக்குப் போகிறது. போகிற கையை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலசிவிட்டது. "பெனிட்டா" என்கிறேன், கண்ணு என்று வரவில்லை. "நான் நூலை அலசிப் போடறேன். தையிலிருந்து. ஒன்பதையும் இருபத்தஞ்சையும்தான் அலசுல. நூலு தயங்குல சாமி, நான்தான் கழுவி உட்டுட்டேன்."

அவள் உடனே திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், நானும் அழுதுவிட்டுப் போய்விடலாம். அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, குனிந்து, தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாள். எத்தனை நேரம் அலசுவீங்க என்று கேட்டாள். ஒன்னு ரெண்டு மூனு எண்ணற நேரம் என்றேன். எல்லா ஓட்டத்திலுமா என்றாள். எல்லா ஓட்டத்திலும் என்றேன். திரும்பிப் போய் உட்கார்ந்தாள். பழைய நேர்க்கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள், மார்கழி, அதற்கு முன்னால் கார்த்திகை, ஐப்பசி. அவள் பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது, அதை என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அவளுடைய அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டுக் கல்யாணத்துக்குத் தேதி கேட்கிறாள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாம் எனக்குத் தெரியும், நான்தானே அவளுக்கு மத்தியானம் மோர் கொண்டுவந்து கொடுக்கிறேன், அலசின டம்ளரில். ஒரு நாற்காலி தூரத்தில் ஒருத்தியை உட்காரவைத்துக் கழுத்தை அறுத்திருக்கிறேன். சுவரில் மணி பதினொன்று ஐம்பது. அவள் நாற்காலியைத் திருப்பினாள். முகம் சாதாரணமாக இருந்தது. கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

"இன்னும் ஒன்னுதான இருக்கு" என்றாள். "அதையும் அலசிருங்கக்கா."

எனக்குக் காது சரியில்லையோ என்று நினைத்தேன். அவள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டே போனாள். இன்றைக்கு மட்டும் இப்படியே போகட்டும், அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் நான் பாத்துக்கிடுதேன், ஒரு மாசத்துல மெதுவாத் திருத்திருவேன், துணி செய்யுறதுக்குள்ள சொல்லிருவேன் என்றாள். சொல்லாட்டி என்ன பண்ணுவ என்று நான் கேட்கவில்லை, என் முகம் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அவள் என்னையே பார்த்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரர் பேரும் லிஸ்ட்ல இருக்குல்லா, தள்ளிப்போனா உங்களுக்குத்தான கஷ்டம்" என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற மாதிரி சொன்னாள். அப்போது வந்த அருவருப்பு இதுவரைக்கும் எனக்கு வந்ததே இல்லை, பீக்கரிலிருந்தும் வரவில்லை, அவர் காலிலிருந்தும் வரவில்லை. என் வயிற்றுக்குள்ளிருப்பதை ஒருத்தி எடுத்து மேசை மேல் வைத்து, இது உங்களுதுதானே என்று கேட்கிறாள். என்னுடையதுதான். கால் மணி நேரத்துக்கு முன்னால் முப்பத்தாறை இரண்டு தரம் அலசினவள் நான்தான். இவளிடம் கோபப்பட எனக்கு வாய் ஏது. அவள் மேல் எனக்குப் பாசம் இருந்தது, இருக்கிறது, இவளுக்கு நாளைக்கு யார் மோர் கொடுப்பார்கள் என்று இப்போதும் தோன்றுகிறது. அவர் மறுபடியும் கூப்பிடுகிறார், இடுப்பில் உறுமுகிறது. இருங்க, வர்றேன், இன்னைக்குச் சாயங்காலம் வந்து அந்தச் சிவப்பைக் காட்டறேன் உங்களுக்கு, கண்ணாடி வெச்சுக் காட்டறேன். பெனிட்டா சரியென்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள். நான் எழுந்து கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தேன். மஞ்சள் தண்ணீர் சுற்றிக்கொண்டு இறங்கியது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன், அதையாவது கழுவலாம்.

அறுபத்து நாலு. கடைசி நூல் எல்லாவற்றையும்விடப் பெருத்திருக்கிறது. இடுக்கியிலிருந்து நழுவுகிறது, விரலால் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. விரலிடுக்கில் சளி மாதிரி இழைகிறது. மூச்சை அடக்கவில்லை. ஒற்றி, சீசாவில் போட்டு மூடினேன். பிறகு ஓட்டத்து நோட்டை என் பக்கம் இழுத்தேன். எல்லாம் இங்கிலீஷில் இருக்கும், நான் அதில் இதுவரை ஒரு எழுத்து எழுதினதில்லை. எண்கள் எனக்குத் தெரியும். மேசையில் கிடந்த பேனாவை எடுத்து, ஒன்றுக்கு நேரே, அலசியது என்று எழுதினேன். நாலுக்கு நேரே, அலசியது. ஒன்பதுக்கு நேரே, அலசவில்லை. எழுத்துக் கோணல்மாணலாகத்தான் வருகிறது. பதினாறு, இருபத்தைந்து. முப்பத்தாறுக்கு நேரே, இரண்டு தரம் அலசியது. நாற்பத்தொன்பது. அறுபத்து நாலுக்கு எழுதும்போது பெனிட்டா திரும்பிவிட்டாள்.

"அது பேனாக்கா, அழியாது" என்றாள்.

"பேனாதான் கண்ணு" என்றேன். அதற்குக் கீழே இடம் இருந்தது. தை முதல் எல்லாம் அலசியது, இப்படிக்கு ரத்தினாத்தாள், என்று எழுதி அடியில் கோடு போட்டேன். வராந்தாவில் விசாகன் சார் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. பெனிட்டா எழுந்து ஒரே எட்டில் வந்துவிட்டாள், அந்தத் தாளைப் பிடுங்கக் கை நீட்டினாள். நான் என் கையை விரித்து எழுத்தின் மேல் அப்படியே வைத்தேன். மஞ்சளாக வழிகிற கையுறை, விரலிடுக்கில் அந்த இழை. அவள் கை பாதி தூரத்தில் நின்றது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகம் சுளித்ததைப் பார்த்தேன். கதவு திறந்தது. அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நான் என் கையை எடுக்கவில்லை.